வாளியை விட்டு விரலைப் பிடிக்கும் பசை

பிளாஸ்டிக் வாளியின் காது உடைந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். தெருமுனைக் கடையிலிருந்து சின்ன ஃபெவிக்விக் குழாய் ஒன்று வரும். குண்டூசியால் அதன் மூக்கைக் குத்தி, உடைந்த இடத்தில் ஒரு துளி விட்டு, இரண்டு துண்டுகளையும் அழுத்திப் பிடிப்பார்கள். கையை எடுத்தால் காது தனியே வந்துவிடும். இன்னும் இரண்டு துளி விடுவார்கள். அதுவும் நிற்காது. கடைசியில் குழாயையே பிழியும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாளியின் காது அப்போதும் கழன்று தரையில் கிடக்கும்.

விரலை நொடிகளில் பிடித்துக்கொண்ட பசை வாளியை ஏன் பிடிக்கவில்லை? இதற்கு விடை தெரிந்தால், வீட்டில் பசையால் நேரும் விபத்துகளில் பலவற்றுக்குக் காரணம் புரிந்துவிடும். பசை என்றாலே காய்ந்து ஒட்டுவது என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்துவிடுகிறோம். அது சரியில்லை. ஒவ்வொரு பசையும் இறுகுவதற்கு ஏதோ ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அடுப்பில் காய்ச்சும் மைதாப் பசையும் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையும் தம்மிடமுள்ள தண்ணீர் வெளியேறக் காத்திருக்கின்றன. இந்தச் சின்னக் குழாயில் இருப்பதோ, தண்ணீர் வருவதற்காகக் காத்திருக்கிறது.

அதன் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். குழாய்க்குள் இருக்கும்வரை அது தனித்தனிச் சிறு மூலக்கூறுகளால் ஆன, எளிதில் ஓடும் திரவம். ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. பக்கத்தில் இருக்கும் சயனோ தொகுதியும் எஸ்டர் தொகுதியும் எலெக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுத்தபடியே இருப்பதால், அந்தப் பிணைப்பு எந்த நேரமும் திறந்துகொள்ளத் தயாராக இருக்கிறது. எலெக்ட்ரான் கொடுக்கக்கூடிய ஏதாவது ஒன்று வந்து தொட்டால் போதும். தண்ணீரில் எப்போதும் மிகச் சொற்பமாக இருக்கும் ஹைட்ராக்சைடு அயனியே அந்த வேலையைச் செய்துவிடும். அது ஒரு மூலக்கூறைத் தாக்கும். தாக்கப்பட்டது அடுத்ததைப் பிடிக்கும், அது அதற்கடுத்ததை. சில நொடிகளில் எண்ணற்ற மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகச் சேர்ந்து திரவம் கெட்டிப் பிளாஸ்டிக்காக மாறிவிடும். புட்டிக்குள்ளேயே இது நடந்துவிடாமல் இருக்க, தயாரிப்பாளர்கள் அதில் மிகச் சிறிதளவு அமிலம் கலந்து வைக்கிறார்கள்.

இப்போது விரலைப் பாருங்கள். தோலில் வியர்வை ஈரம் எப்போதும் உண்டு. தோலின் மேற்பரப்பே புரதத்தால் ஆனது. புரதத்தில் இருக்கும் அமினோ தொகுதிகளும் இந்த வினையைத் தொடங்கிவைக்கும். போதாததற்கு விரல் நுனியின் ரேகைப் பள்ளங்களில் பசை இறங்கிப் பரவிக்கொள்கிறது. பழுதுபார்க்கும் மேசையில் உள்ள பொருள்களிலேயே இந்தப் பசைக்கு மிகவும் பொருத்தமான பரப்பு நம் கைதான்.

வாளியோ பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீனால் ஆனது. பிளாஸ்டிக் குடமும் பெரும்பாலும் அப்படியே. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட இந்தப் பரப்புகளில் பசை பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஈரமும் தங்குவதில்லை. தாமரை இலைத் தண்ணீர்போல் பசை அதன்மேல் பரவாமல் நிற்கும். இறுகினாலும் மேலோட்டமாக உட்கார்ந்திருந்து, ஒரு தட்டுத் தட்டினால் ஏடாகக் கழன்று வரும். இதே பசை பாலிஎத்திலீன் புட்டியில் அடைத்து விற்கப்படுவதற்கும், புட்டியின் சுவரில் ஒட்டாமல் இருப்பதற்கும் இந்தக் குணமே காரணம். உங்கள் வாளியின் அடியில் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்ற எண்களில் ஒன்று இருந்தால் சாதாரண உடனடிப் பசையை அதற்குச் செலவழிக்க வேண்டாம். இந்த வகைப் பிளாஸ்டிக்குக்கென்றே முன்பூச்சு ஒன்றைத் தடவிய பிறகு ஒட்டும் தனிப் பசைகள் இருக்கின்றன. அவையும் கிடைக்காவிட்டால் உருக்கி ஒட்டுவதே வழி. தெருவில் குடம் ஒட்ட வருபவர் காய்ச்சிய இரும்பால் பிளாஸ்டிக்கை இளக்கி, மேலே ஒரு துண்டு வைத்து இழைக்கிறாரே, அவர் செய்வதுதான் அந்தப் பொருளுக்குச் சரியான வைத்தியம்.

பாலிஎத்திலீனின் இந்தப் பிடிவாதத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். பால் பாக்கெட் கவரைக் கழுவி, துடைத்து, காயவைத்து ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவாயை விரலால் நேரடியாக அழுத்தாமல், அந்தத் துண்டை நடுவில் வைத்து அழுத்தினால், பிதுங்கி வரும் பசை கவரில்தான் படும். கவரோ சுலபமாக உரிந்து வந்துவிடும்.

அளவு விஷயத்திலும் நம் கை தாராளமாகிவிடுகிறது. ஈரம் பரப்புகளிலிருந்தும் காற்றிலிருந்தும்தான் வர வேண்டும் என்பதால், மெல்லிய படலம் நொடியில் இறுகும். தடித்த திட்டாக விட்டால் மேலே இறுகி, உள்ளே வெகுநேரம் திரவமாகவே இருக்கும். இறுகிவிட்டது என்று நினைத்து அசைக்கும்போது உள்ளிருப்பது பிதுங்கிக் கையில் வழியும். அதிகம் விட்டால் அதிகம் பிடிக்கும் என்ற எண்ணம் இந்தப் பசையில் தலைகீழ்.

இதன் பிறப்பே ஒரு விபத்தில்தான் நடந்தது. 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலர், துப்பாக்கிகளின் குறிபார்க்கும் கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். சயனோஅக்ரிலேட் தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டதால், பயன்படாது என்று அதை ஒதுக்கிவைத்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1951இல், டென்னசி மாநிலத்தில் கோடாக்கின் கிளை ஆய்வகத்தில் ஜெட் விமானத்தின் மேல்மூடிக்கு வெப்பம் தாங்கும் பொருள் தேடும் பணியைக் கூவர் மேற்பார்வையிட்டார். அவருடைய குழுவில் இருந்த ஃபிரெட் ஜாய்னர், ஒளிவிலகலை அளப்பதற்காக ஒரு மாதிரியை அளவுக் கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே பூசினார். பட்டகங்கள் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. விலையுயர்ந்த கருவி கெட்டதே என்ற கவலை முதலில் வந்தது. ஆனால் சூடாக்காமல், இறுக்கிப் பிடிக்காமல், இவ்வளவு வலுவாக ஒட்டும் பொருள் ஒன்று கையில் இருக்கிறது என்பதைக் கூவர் இந்த முறை கண்டுகொண்டார். 1958இல் அது விற்பனைக்கு வந்தது. 1942இல் அவர் குறையாகக் கண்ட அதே குணம்தான் இன்றும் நம் விரலைப் பிடிக்கிறது.

விரல்கள் ஒட்டிக்கொண்டால் முதலில் வரும் உந்துதல் வெடுக்கென்று இழுப்பது. அதுதான் காயத்தை உண்டாக்குகிறது. பசை பிடித்திருப்பது தோலின் மேலடுக்கிலுள்ள இறந்த செல்களை மட்டுமே. அவை எப்படியும் சில நாளில் தாமாக உதிரப்போகிறவை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்து, விரல்களை எதிரெதிராக இழுக்காமல் ஒன்றன்மேல் ஒன்றை உருட்டிக் கொடுத்தால் ஓரத்திலிருந்து மெல்லப் பிரியும். கரண்டியின் மழுங்கிய காம்பை இடையில் விடலாம். கொஞ்சம் எண்ணெயும் உதவும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் உள்ள அசிட்டோன் இறுகிய பசையை ஊறவைத்து இளக்கும். ஆனால் அது எளிதில் தீப்பற்றும். கண், உதடு, வெட்டுக்காயம் ஆகியவற்றின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. மூக்குக்கண்ணாடி, செல்போன் உறை போன்றவற்றில் தடவினால் அந்தப் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

குழாயின் மூக்கைப் பல்லால் கடித்துத் திறக்கும் வழக்கம் பலருக்கு இருக்கிறது. வாயில் ஈரம் விரலைவிடப் பல மடங்கு. ஒரு துளி தெறித்தால் உதடு பல்லோடு ஒட்டும். எச்சில் ஊறிக்கொண்டே இருப்பதால் ஓரிரண்டு நாளில் விட்டுவிடும் என்றாலும், பிய்த்தால் உதட்டுத் தோல் கிழியும்.

கண் விஷயம் இதைவிடத் தீவிரமானது. கண் சொட்டுமருந்துப் புட்டியும் பசைப் புட்டியும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே வடிவம். மீதமான பசையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சொட்டுமருந்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம். பார்வை மங்கிய முதியவர் இரவில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டதாகக் கண் மருத்துவ இதழ்களில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது. இமைகள் ஒட்டிக்கொண்டால் விரித்துத் திறக்க முயலக் கூடாது. இமை முடியை வெட்டக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரால் நெடுநேரம் கழுவி, சுத்தமான ஈரத்துணியால் மூடி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணீரே பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். பெரும்பாலும் சில நாளில் இமை தானாகத் திறக்கும். ஆனால் கெட்டிப் பட்ட துணுக்கு கருவிழியை உராய்ந்திருக்கிறதா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். பசையைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்றால், மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு, டப்பாமேல் பெரிய எழுத்தில் எழுதி, மருந்துகள் இருக்கும் தட்டிலிருந்து தள்ளி வைக்கலாம்.

பருத்தித் துணியில் இந்தப் பசை என்ன செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேரும்போது வெப்பம் வெளிப்படும். மெல்லிய படலத்தில் அந்த வெப்பம் உணர முடியாத அளவுக்குக் குறைவு. பருத்தியின் கதை வேறு. அது ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும் பொருள். அதன் இழைகளின் மொத்தப் பரப்பு மிகப் பெரியது. பசை இழையிடுக்குகளில் உறிஞ்சப்பட்டு, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இறுகத் தொடங்குகிறது. வெளிப்பட வேண்டிய வெப்பம் முழுவதும் சில நொடிகளில் வெளிப்படும். துணி சுடும், சில சமயம் புகையும். குழாய் கைதவறி மடியில் கொட்டினால் லுங்கியும் பாவாடையும் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். உருவி எறியவும் முடியாது. குழந்தைகளுக்கு இப்படி ஆழமான தீப்புண் ஏற்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அப்படிக் கொட்டிவிட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதே முதல் வேலை. சிந்திய பசையைப் பஞ்சாலோ பனியன் துணியாலோ துடைப்பதும் இதே ஆபத்துதான். பள்ளத்தை நிரப்ப ஆப்பசோடாவைத் தூவி அதன்மேல் பசை விடும் உத்தியும் பரவலாகியிருக்கிறது. சோடா காரத்தன்மை உள்ளது என்பதால் பசை கண்ணெதிரே கல்லாகும். அதே வேகத்தில் சூடும் கண்ணை எரிக்கும் ஆவியும் எழும். முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல அது.

அந்த ஆவி இன்னொன்றும் செய்யும். மூக்குக்கண்ணாடியின் காம்பை ஒட்டிவிட்டு மூடிய பெட்டிக்குள் வைத்தால், மறுநாள் கண்ணாடியில் வெண்ணிறப் புகை படிந்திருப்பதைப் பார்க்கலாம். இறுகாத மூலக்கூறுகள் ஆவியாகப் பறந்து, கண்ணாடியின் மேலுள்ள ஈரத்தைத் தொட்டதும் அங்கேயே வெண்பொடியாகப் படிந்துவிடுகின்றன. நமக்குத் தொல்லையாகத் தெரியும் இந்தப் படிவை 1977இல் ஜப்பானின் சாகா மாகாணக் குற்றவியல் ஆய்வகத்தில் ஃபூசெயோ மட்சுமுரா என்பவர் வேறு கண்ணோடு பார்த்தார். ஒரு கொலை வழக்கில் கிடைத்த முடிகளை இந்தப் பசையால் கண்ணாடிச் சில்லில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, சில்லின்மேல் தம் விரல்ரேகைகளே வெள்ளையாக எழும்பி வருவதைக் கண்டார். விரல் விட்டுச்செல்லும் வியர்வைத் தடத்தில் பசையாவி தேடிப்போய் இறுகுகிறது. உடன் பணியாற்றிய மசாட்டோ சோபா அதை முறையாகச் செய்துகாட்டினார். இன்று உலகெங்கும் தடயவியல் ஆய்வகங்களில் பொருள்களை ஓர் அடைத்த பெட்டியில் வைத்து, இந்த ஆவியைச் செலுத்தி ரேகை எடுக்கிறார்கள்.

ஒட்டியபின் வரும் விபத்துகளும் உண்டு. தேநீர்க் கோப்பையின் காது சுலபமாக ஒட்டும், பார்க்கவும் புதிதுபோல் இருக்கும். ஆனால் சாதாரண உடனடிப் பசை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கிறது. வெந்நீரில் நாள்தோறும் நனைந்தால் அதன் பிடியும் தளர்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கோப்பையைத் தூக்கும்போதுதான் காது கையோடு வரும். சூடு முழுவதும் மடியில் விழும். கோப்பை, தோசைக்கல் பிடி, குக்கர் மூடியின் பிடி என்று சூடு தாங்கவேண்டிய எதற்கும் இந்தப் பசை ஆகாது. ஒட்டிய கோப்பையில் பேனா போட்டு வைக்கலாம். செருப்புக்கும் இது ஒத்துவராது. இறுகிய சயனோஅக்ரிலேட் நேரே இழுத்தால் அசையாது, வளைத்தால் வெடிக்கும்.

கதவிலும் சமையலறை அலமாரியிலும் மைக்கா ஒட்டும் ரப்பர் பசை எதிர்பார்த்திருப்பது வேறொன்றை. அதில் உள்ள கரைப்பான் பறந்துபோக வேண்டும். அதனால்தான் தச்சர் இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத பக்குவம் வரும்வரை காத்திருந்து, பிறகு அழுத்துகிறார். பறந்துபோவது டொலுயீன், ஹெக்சேன் போன்றவை. இவற்றின் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. அது மேலே எழும்பி சன்னல் வழியே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து அடுத்த அறைக்குப் போகும். அங்கே பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ எரிந்தால், தீ அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பசை டப்பாவுக்கே திரும்பி வரும். ஹெக்சேன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. நம்மூர் வெயிலில் சொல்லவே வேண்டாம். அமெரிக்க வீடுகளில் அணையாமல் எரியும் சிறு அடுப்புச் சுடர்களால் இப்படித் தீவிபத்துகள் நேர்ந்ததால், மிக எளிதில் தீப்பற்றும் வகைகளை வீட்டு உபயோகத்துக்கு விற்பதை அந்நாடு 1978இல் தடை செய்தது. மைக்கா வேலை நடக்கும் நாளில் விளக்கும் அடுப்பும் வேண்டாம். கீழ்மட்டத்தில் காற்று வெளியேறும்படி வாசற்கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

வீட்டுக்காரர் ஒரு நாள் முகரும் ஆவியைத் தச்சரும் செருப்புத் தைப்பவரும் வாழ்நாள் முழுவதும் முகர்கிறார்கள். 1960களில் ஜப்பானில் குடிசைத் தொழிலாகச் செருப்பு ஒட்டியவர்களிடம் கைகால் மரத்துப்போய் வலுவிழக்கும் நோய் பரவலாகக் காணப்பட்டது. பசையிலிருந்த ஹெக்சேன் உடலுக்குள் வேறொரு பொருளாக மாறி நரம்புகளைச் சிதைத்ததே காரணம். பூட்டிய அறையில் தச்சரை வேலை செய்யவிட்டுவிட்டு, நாற்றம் தாங்கவில்லை என்று நாம் மட்டும் வெளியே போய்விடுவது நியாயமில்லை.

இரண்டு குழாய்களாக வரும் எப்பாக்சி தன் இணைக்காகக் காத்திருக்கிறது. பிசினும் இறுக்கியும் சொன்ன விகிதத்தில் கலந்தால்தான் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஜோடி கிடைக்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று இறுக்கியை அதிகம் சேர்த்தால் மிச்சப்பட்டது பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். மொத்தமாகக் கலந்து ஒரு கோப்பையில் வைத்தால் சூடு வெளியேற வழியின்றி, கோப்பையே இளகும் அளவுக்குக் கொதித்துவிடும். குழாய்க் கசிவை அடைக்க எப்பாக்சி மாவை வெறுங்கையால் பிசைவது வழக்கம். இறுக்கிகள் பலவும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குபவை. ஒருமுறை உடலுக்கு அந்த ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு எப்போது தொட்டாலும் அரிப்பும் கொப்பளமும்தான். அந்த நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. பால் கவர் இங்கேயும் கைகொடுக்கும்.

எப்பாக்சியின் இன்னொரு குணம் ஓர் உயிரையே வாங்கியிருக்கிறது. 2006 ஜூலை 10 அன்று பாஸ்டன் நகரின் சுரங்கச் சாலையில் கூரையிலிருந்து 20 டன்னுக்கும் மேலான கான்கிரீட் பலகைகள் ஒரு காரின்மேல் விழுந்தன. காரில் இருந்த பெண் இறந்துபோனார். பலகைகளைத் தாங்கிய ஆணிகள் கூரைக் கான்கிரீட்டில் துளையிட்டு எப்பாக்சியால் ஒட்டப்பட்டவை. விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007இல் காரணத்தைச் சொன்னது: பயன்படுத்திய எப்பாக்சி விரைவில் இறுகும் வகை, இடைவிடாத பாரத்தில் அது மெல்ல மெல்ல நகர்ந்துகொடுத்தது. சோதித்த அன்று ஆணிகள் உறுதியாகவே இருந்தன. பாரம் தொங்கத் தொங்க, ஆண்டுக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி வெளியே வந்தன.

வீட்டுச் சுவரில் பசையால் ஒட்டும் கொக்கிக்கும் அலமாரிக்கும் முகம்பார்க்கும் கண்ணாடிக்கும் இந்த நகர்வு பொருந்தும். ஒட்டிய மறுநாள் இழுத்துப் பார்ப்பது அன்றைய வலுவை மட்டுமே சொல்லும். தலைக்கு மேல் தொங்கும் கனத்துக்குச் சுவருக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டும் திருகும்தான் வேண்டும். ஏற்கெனவே ஒட்டி மாட்டியாகிவிட்டது என்றால், தாங்கியின் விளிம்பை ஒட்டிச் சுவரில் மெல்லிய பென்சில் கோடு ஒன்று போட்டு வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை வீடு பெருக்கும்போது பார்த்தால் போதும். கோட்டுக்கும் தாங்கிக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அன்றைக்கே கனத்தை இறக்கிவிட வேண்டும்.